களியக்காவிளைல பஸ் ஏறி ஹெல்த் பாலிசி படிக்கப் போறது எப்படி

நர்சிங் முடிச்ச பிள்ளைங்க, பல் டாக்டருக்குப் படிச்சவங்க, எம்.எஸ்.டபிள்யூ, எக்கனாமிக்ஸ் படிச்சவங்கன்னு மாசத்துக்கு ரெண்டு மூணு பேராவது கேக்குறாங்க, "அக்கா, எம்.பி.எச் சேரலாம்னு இருக்கேன், எந்த காலேஜ் நல்லது?"ன்னு. எம்.பி.எச்னா மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த், பொது சுகாதாரத்துல மேல்படிப்பு. நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான், "எதத் தெரிஞ்சுக்கணும்னு போறீங்க?" பாதிப் பேரு அதோட போன வச்சிருவாங்க. மீதிப் பேருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் பேசிப் பேசி வாய் வலிக்குது, அதான் எழுதியே போட்டுடலாம்னு.

நான் கன்னியாகுமரி மாவட்டம், கேரளா பார்டர்ல உள்ள களியக்காவிளைக்குப் பக்கத்துல மார்த்தாண்டம், பி.எஸ்சி நர்சிங். எங்க ஊர்ல நர்சிங் முடிச்சா அடுத்த வேலை பாஸ்போர்ட் எடுக்கறதாக்கும். நான் பாலிசி படிக்கப் போறேன்னு சொன்னப்பம் அம்மா எல்.ஐ.சி பாலிசின்னு நெனச்சுட்டா. இல்லம்மா, ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்டதுன்னேன். "ஊசி போடணுமா?" போட வேண்டாம்னேன். "பொறவு எதுக்கு?"ன்னா. அதுக்கு அப்பம் எங்கிட்ட பதில் இல்ல, சும்மா சொல்லக்கூடாது, முதல் வருஷம் முடியற வரைக்கும் இல்ல.

முதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துக்குவோம்

எம்.எச்.ஏன்னா ஆஸ்பத்திரி நடத்துறது, பெட் எத்தன, பில்லிங் எப்படி, அக்ரெடிடேஷன் இதெல்லாம். எம்.டி கம்யூனிட்டி மெடிசின் எம்.பி.பி.எஸ் முடிச்சவங்களுக்கு மட்டும். எம்.பி.எச் நோய் ஜனங்களுக்குள்ள எப்படிப் பரவுது, எப்படித் தடுக்கறதுங்கறதுல ஆரம்பிச்சு நிறைய தூரம் போகும், அதுக்குள்ள ஒரு மூலைல இருக்கறதுதான் ஹெல்த் பாலிசி, அதாவது சுகாதாரக் கொள்கை. அந்த மூலைல என்ன கேள்வி கேப்பாங்கங்கறத சொல்றதுக்கு எங்க பாட்டியோட சுகர் மாத்திரை அட்டையத்தான் நான் எப்பவும் எடுப்பேன்.

மெட்ஃபார்மின் அட்டை. பின்னாடி தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு இல்லன்னு அச்சடிச்சிருக்கும். டாக்டரா இருந்தா இந்த டோஸ் இவங்களுக்கு சரியான்னு பாப்பாரு. நோய்ப்பரவல் படிக்கற எபிடெமியாலஜிக்காரங்க இந்த பஞ்சாயத்துல எத்தன பேருக்கு சுகர்னு எண்ணுவாங்க. நாம கேக்கறது வேற: இந்த அட்டை எப்படி இந்த அம்மா கைக்கு வந்துச்சு, வராம போயிருந்தா எந்த மேசைல நின்னிருக்கும்? அந்த நூலப் புடிச்சுட்டுப் போனா 1994ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வரும், மாநிலத்துக்கே ஒரே டெண்டர், மாவட்டத்துக்கு ஒரு கிடங்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரி ஒரு பாஸ்புக், அதுல உள்ள தொகைக்குத்தான் மருந்து எடுக்க முடியும். கேரளாக்காரங்க இதப் பாத்துதான் 2007ல அவங்க கார்ப்பரேஷன ஆரம்பிச்சாங்க. பொறவு 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்குன மக்களைத் தேடி மருத்துவம் வரும், பிரஷர் சுகர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டு குடுக்கற ஏற்பாடு. இத்தனையும் ஒரு அட்டைக்குள்ள இருக்கு. இதப் பாத்து உங்களுக்கு அரிக்குதுன்னா இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்து வரும். அரிக்கலன்னா பைசா செலவழிச்சு சேராதீங்க, நெஜமா சொல்றேன்.

பார்டர்ல பொறந்தது ஒரு சொத்து

மற்ற ஊர்க்காரங்க ஒப்பீட்டு ஆய்வுக்கு ரெண்டு மாநிலம் தேடி அலையணும், நமக்கு பஸ் ஸ்டாண்டத் தாண்டுனா அடுத்த மாநிலம். 1956 நவம்பர் 1 வரைக்கும் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியோட கிடந்தது, ஒரே சாப்பாடு, ஒரே பெண்ணெடுப்பு, இப்பமும் கேரளாப் பக்கம் பாறசாலைல அக்காவும் இந்தப் பக்கம் குழித்துறைல தங்கச்சியும் இருக்கற குடும்பம் எத்தனையோ. ஆனா அக்காவுக்கு ஒரு ஹெல்த் சிஸ்டம், தங்கச்சிக்கு வேற. இங்க பொது சுகாதாரத்துக்குன்னு தனி இயக்குநரகம், தனி கேடர் (அதுக்குன்னே உள்ள அதிகாரிங்க), மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கோடு. அங்க 90கள்ல இருந்து ஆரம்ப சுகாதார நிலையம் பஞ்சாயத்து கைக்குப் போயிடுச்சு. சட்டமும் அப்படித்தான், இங்க 1939 பொது சுகாதாரச் சட்டம் பழசா இருந்தாலும் ஓடிட்டிருக்கு, அங்க திருவிதாங்கூர்-கொச்சி பக்கத்துக்கு 1955 சட்டம் ஒண்ணு, மலபாருக்கு அதே பழைய மெட்ராஸ் சட்டம் ஒண்ணுன்னு ரெண்டு வச்சிருந்து 2023ல தான் ஒரே பொது சுகாதாரச் சட்டமா ஆக்குனாங்க. 2020 எஸ்.ஆர்.எஸ் (அரசாங்கத்தோட பிறப்பு இறப்பு மாதிரிக் கணக்கெடுப்பு) கணக்குப்படி ஆயிரம் பிறப்புக்கு குழந்தை இறப்பு கேரளாவுல 6, தமிழ்நாட்டுல 13, இந்தியா மொத்தத்துக்கு 28. இந்த 6க்கும் 13க்கும் நடுவுல என்ன இருக்குன்னு கேட்டா அவனவன் மலையாளி படிச்சவன்னு ஒத்த வரில முடிச்சிருவான், அந்த ஒத்த வரிய நம்பாம இருக்கறதுக்குத்தான் ட்ரெயினிங்.

இன்னொண்ணு, நம்ம மாவட்டத்துக்கு பழைய கதையும் நிறைய. நெய்யூர்ல மிஷன் ஆஸ்பத்திரி வேலை ஆரம்பிச்சது 1838ல. எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர் பிற்பாடு வருஷக்கணக்கா இங்கதான் ஆபரேஷன் பண்ணிட்டிருந்தாரு. இங்க ஏன் இவ்வளவு மிஷன் ஆஸ்பத்திரி, ஏன் இவ்வளவு நர்சுன்னு வரலாற்றுப் பக்கமா ஆராய ஆசை இருந்தா 1956க்கு முந்தின கவர்மென்ட் ஃபைல திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துலதான் தேடணும், சென்னைல போய் நிக்காதீங்க.

கேள்வி முதல்ல, காலேஜ் பொறவு

நான் கொண்டு போன முதல் ப்ரோபோசலோட தலைப்பு "கேரளா, தமிழ்நாடு சுகாதாரக் கொள்கைகள்: ஒரு ஒப்பீடு". எங்க மேடம் அத வாசிச்சுட்டு கண்ணாடியக் கழட்டி மேசைல வச்சாங்க. "கடைசியா வீட்டுல யார ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போன?"ன்னாங்க. பாட்டியன்னேன். எங்கன்னாங்க. சுகர் மாத்திரைக்கு ஊர் பி.எச்.சி, நெஞ்சு அடைக்குதுன்னா திருவனந்தபுரம்னேன். நாகர்கோவில் ஆசாரிபள்ளத்துல கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் இருக்கே, அங்க ஏன் போகலன்னாங்க. எனக்குத் தெரியல. எங்க வீட்டுல அப்படித்தான், கேட்டதே இல்ல. பாட்டி கிட்ட போய் கேட்டா, "அங்க எனக்கு ஆளு உண்டு"ன்னா. ஆளுன்னா யாருன்னு தோண்டுனா அவ தங்கச்சி மகன் அங்க வார்டு அட்டெண்டர். அப்படி ஒவ்வொரு வீடா கேட்டுக் கேட்டுப் போனதுதான் பிற்பாடு என் தீசிஸ் ஆச்சு: பார்டர் பஞ்சாயத்துல இருக்கற நீண்ட நாள் நோயாளிங்க எந்தத் தேவைக்கு எந்த மாநிலத்துக்குப் போறாங்க, எத வச்சு முடிவு பண்றாங்க, கையில இருக்கற இன்சூரன்ஸ் கார்டு அந்த முடிவுல எங்க வருது.

ஆக பெரிய தலைப்புல ஆரம்பிங்க, தப்பில்ல, ஆனா கீழ இறங்கிட்டே இருக்கணும். இறங்கி முடிச்சாச்சான்னு பாக்க நான் வச்சிருக்கற சோதனை இது. இந்தக் கேள்விக்கு பதில் கிடைச்சா எந்த நாற்காலில இருக்கறவரு எந்த ஃபைல்ல எத மாத்தலாம்னு உங்களால சொல்ல முடியுமா? ஆறேழு மாசத்துல, நடந்தோ பஸ்லயோ போய் பாக்கற தூரத்துல, ஆளும் பேப்பரும் கிட்டுமா? ரெண்டுக்கும் ஆமான்னா கேள்வி சரியா இருக்கு. "விழிப்புணர்வு இல்லை"ங்கறத முடிவா எழுத வேண்டி வரும்னு முன்னாடியே தோணுச்சுன்னா அந்தக் கேள்விய விட்டுடுங்க, அது ஜனங்க மேல பழி போடற கேள்வி.

கிளாசுல பாலிசி முக்கோணம்னு ஒண்ணு சொல்லித் தருவாங்க, 1994ல வால்ட், கில்சன்னு ரெண்டு பேர் முன்வச்சது. பாலிசில என்ன எழுதியிருக்கு, எந்தச் சூழல்ல வந்துச்சு, எப்படி நடந்துச்சு, யார் யார் அதுல இருந்தாங்க, இந்த நாலும். நம்ம ஆளுங்க முதல் ஒண்ண மட்டும் முப்பது பக்கம் எழுதிட்டு மத்த மூணையும் ஒரு பாராவுல முடிப்பாங்க. தலைகீழா பண்ணுங்க.

எங்க படிக்கறது

நமக்குப் பக்கம்னா திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ராவோட அச்சுத மேனன் மையம்தான். கேரளாவோட முன்னாள் முதல்வர் பேர்ல உள்ளது, மெடிக்கல் காலேஜ் வளாகத்துல. ஸ்ரீ சித்ரா 1980ல பார்லிமென்ட் சட்டத்தால தேசிய முக்கியத்துவம் உள்ள நிறுவனமா ஆனது, அங்க எம்.பி.எச் 1997ல இருந்து நடக்குது, டாக்டர்ங்க மட்டும்னு இல்ல, பல் மருத்துவம், நர்சிங், சமூக அறிவியல் பக்கத்துல இருந்து வர்றவங்களும் படிக்கறாங்க. பி.எச்.டியும் உண்டு. களியக்காவிளைல ஆனவண்டி, அதாவது கேரளா கவர்மென்ட் பஸ், ஏறி தம்பானூர்ல இறங்கி மெடிக்கல் காலேஜ் வண்டி மாறணும், தூரம் முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான் ஆனா பாலராமபுரம் ஜங்ஷன்ல மாட்டுனா அன்னைக்கு முதல் கிளாஸ் போச்சுன்னு வச்சுக்கோங்க. நான் மூணு மாசம் வீட்டுல இருந்து போயிட்டு வந்தேன், பொறவு ஹாஸ்டல்.

எண்ணு, கணக்கு, நோய்ப்பரவல்னா சென்னை அயப்பாக்கத்துல ஐ.சி.எம்.ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். பைசா பக்கம், அதாவது யார் செலவழிக்கறா, இன்சூரன்ஸ், பட்ஜெட், இதுல ஆசைன்னா மும்பை டிஸ்ஸுல, அதாவது டாடா சமூக அறிவியல் நிறுவனத்துல, ஹெல்த் பாலிசி, எக்கனாமிக்ஸ், ஃபைனான்ஸ்ங்கற பேர்லயே ஒரு எம்.பி.எச் நடந்துட்டு வந்திருக்கு. புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி, 2006ல வந்த பப்ளிக் ஹெல்த் ஃபவுண்டேஷனோட கீழ உள்ள காந்திநகர், ஹைதராபாத் மாதிரி ஊர் கல்லூரிங்க, இதெல்லாமும் பாருங்க.

எப்படித் தேர்ந்தெடுக்கறதுன்னா ப்ராஸ்பெக்டஸ் பாக்காதீங்க, எல்லாத்துலயும் பச்சைப் புல்வெளில நாலு பேர் லேப்டாப்ப பாத்து சிரிப்பாங்க. கடைசி அஞ்சு வருஷ தீசிஸ் தலைப்பு லிஸ்ட் கேளுங்க. அம்பது தலைப்புல நாப்பத்தஞ்சு "மாணவர்களிடையே விழிப்புணர்வு, மனப்பான்மை, நடைமுறை"ன்னு இருந்தா அங்க பாலிசி சொல்லித்தர ஆள் இல்லன்னு அர்த்தம். ஆசிரியர்கள்ல ஒரு எக்கனாமிக்ஸ் ஆளு, ஒரு சோஷியாலஜி இல்ல ஆந்த்ரோபாலஜி ஆளு இருக்காங்களான்னு பாருங்க. தீசிஸுக்கு எத்தன மாசம்னு கேளுங்க, ரெண்டு மாசம்னா வேண்டாம். என் கூட நர்சிங் படிச்சவ ஒருத்தி ஒரு தனியார் இடத்துல நூறு சதம் ப்ளேஸ்மென்ட்னு சொன்னத நம்பி சேந்தா, ப்ளேஸ்மென்ட் வந்துச்சு, ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல க்ளெய்ம் ஏத்தற வேலை. வேலை ஒண்ணும் மோசம் இல்ல, ஆனா அதுக்கு ரெண்டு வருஷமும் அவ்வளவு ஃபீஸும் வேண்டியதில்ல.

சேர்றதுக்கு முந்தி வீட்டுல உக்காந்து செய்யக்கூடியது

ஜி.ஓ, அதாவது அரசாணை, வாசிக்கப் பழகுங்க. இது ஒருத்தரும் சொல்லித் தரமாட்டாங்க, ஆனா என்னைக் கேட்டா இந்தப் படிப்போட பாதி இதுதான். சுகாதாரத் துறையோட ஏதாவது ஒரு அரசாணைய இறக்குங்க. மேல சுருக்கம்னு நாலு வரி, எல்லாரும் அத வாசிச்சுட்டு மூடிருவாங்க. அதுக்குக் கீழ "படிக்கப்பட்டவை"ன்னு ஒரு லிஸ்ட் இருக்கும், அங்க நில்லுங்க. இந்த ஆணைக்கு முந்தி யார் யாருக்கு எந்தத் தேதில லெட்டர் எழுதுனாங்கங்கறது அதுல இருக்கு. முதல் லெட்டர் இயக்குநர் கிட்ட இருந்து போயிருக்கா, சட்டசபை அறிவிப்புல இருந்து இறங்கியிருக்கா, டெல்லில இருந்து வந்திருக்கா? யோசனை எங்க பொறந்துச்சுன்னு அங்கேயே தெரிஞ்சிரும். முதல் லெட்டர் தேதிக்கும் ஆணை தேதிக்கும் எத்தன மாசம்னு எண்ணுங்க. நடுவுல கேட்டது பத்து கோடி, குடுத்தது நாலுன்னு ஒரு பாரா இருக்கலாம், அந்த ஆறு கோடி எங்க வெட்டுப்பட்டுச்சுன்னா நிதித்துறை இசைவு எண்ணோட ஒரு வரி இருக்கும், அந்த வரிதான் கதையோட வில்லன் வர்ற இடம். கடைசில "பெறுநர்" லிஸ்ட். யாருக்கு நகல் போகலையோ அவங்களுக்கு கீழ ஃபீல்டுல இந்தத் திட்டம் தெரியாது. ஒரு தடவ ஒரு ஆணைய கையில வச்சுட்டு ஒரு சப்சென்டர்ல போய் கிராம சுகாதார நர்ஸ் (வி.எச்.என்) அக்காகிட்ட காட்டுனேன், அவங்க சாயா கிளாஸ கீழ வச்சுட்டு "இப்படி ஒண்ணு இருக்கா, எங்களுக்கு வாட்ஸாப்புல ஃபார்மெட் மட்டும் தான் வந்துச்சு"ன்னாங்க. அந்த ஃபார்மெட்டுதான் அங்க பாலிசி. ஜி.ஓல என்ன இருந்தா என்ன.

கேக்கற பேப்பர் வெளிய கிடைக்கலன்னா தகவல் உரிமைச் சட்டம் இருக்கு, 10 ரூபா கட்டணம், 30 நாளைக்குள்ள பதில். "ஏன்"னு கேட்டு எழுதாதீங்க, தகவல் இல்லைன்னு திருப்பிருவாங்க, "நகல் தரவும்"னு எழுதுங்க.

அடுத்தது டேட்டா. தேசிய மாதிரி ஆய்வோட 75வது சுற்று, 2017 ஜூலைல இருந்து 2018 ஜூன் வரை எடுத்தது, அதுல குடும்பங்களோட ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க இருக்கு, அரசாங்க சைட்ல பதிவு பண்ணா யூனிட் லெவல் டேட்டா, அதாவது ஒவ்வொரு குடும்பத்தோட தனித்தனி விவரம், ஃப்ரீ. கணக்குப் போடற ஆர் மென்பொருளும் ஃப்ரீ, அதே வேலைக்கு உள்ள ஸ்டேட்டா மென்பொருள் வாங்க பைசா இல்லன்னு கவலைப்படாதீங்க. ரெண்டு இடத்துல எல்லாரும் சாடி விழுவாங்க, நானும் விழுந்தேன். ஒண்ணு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மல்டிப்ளையர், அதாவது அது எத்தன குடும்பத்துக்குப் பதிலா நிக்குதுங்கற எண்ணு, இருக்கும், அத போடாம சராசரி எடுத்தா அது மாதிரில இருந்த குடும்பங்களோட சராசரி, தமிழ்நாட்டோடது இல்ல. ரெண்டு, அட்மிட் ஆனதுக்கு கேக்கறது கடந்த 365 நாள், ஓ.பிக்கு கேக்கறது கடந்த 15 நாள். நான் ரெண்டையும் அப்படியே கூட்டி ஒரு டேபிள் போட்டு, ஓ.பிக்கு ஜனங்க செலவே பண்ணலன்னு பெருமையா ஒரு முடிவு எழுதி, க்ளாஸ்ல பிரசன்ட் பண்ணேன். பின் பெஞ்சுல இருந்து ஒரு பையன் "எத்தன நாளு சேச்சி?"ன்னான். அந்த ஒத்த கேள்வில முடிஞ்சுது. இப்பமும் டேபிள் எது பாத்தாலும் முதல்ல எத்தன நாளுன்னுதான் தேடுவேன்.

கைடு

பி.எச்.டிக்கு ஆராய்ச்சிய வழிநடத்தற கைடு காலேஜ விட முக்கியம். கைடோட பேர விட அவங்ககிட்ட முடிச்சவங்கள தேடிப் பேசுங்க, "ட்ராஃப்ட் குடுத்தா எத்தன நாள்ல திரும்பி வரும்?"னு மட்டும் கேளுங்க, மத்தது அவங்க குரல்லயே தெரியும். மெயில் எழுதுறப்போ "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி இன்ட்ரெஸ்டட்"னு நாப்பது பேருக்கு ஒரே மெயில அனுப்பாதீங்க, அவங்க எழுதுன ஒரு பேப்பர வாசிச்சு, அதுல நம்ம ஊர்ல பொருந்தாத ஒரு விஷயத்த ரெண்டு வரில எழுதி, இதப் பத்தி நான் இப்படிப் பாக்க நெனைக்கறேன்னு முடிங்க. பத்து வரி போதும். பதில் வரலன்னா ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவ ஞாபகப்படுத்தலாம், அது மரியாதைக் குறைவு இல்ல.

விதிப் பக்கம்: யு.ஜி.சியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி பி.எச்.டிக்கு குறைஞ்சது மூணு வருஷம், கூடிப்போனா ஆறு, கோர்ஸ்வொர்க் 12 கிரெடிட்டாவது. நெட் தகுதித் தேர்வு எழுதறதுன்னா நமக்கு வர்ற பாடம் சோஷியல் மெடிசின் அண்ட் கம்யூனிட்டி ஹெல்த், கோட் 82. அதுல ஜே.ஆர்.எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கிட்டுனா மாசம் 37,000, மூணாவது வருஷத்துல இருந்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. இது கையில இருந்தா கைடுகிட்ட பேசறப்போ குரலே வேற மாதிரி வரும்.

எத்திக்ஸும் ஒப்புதல் படிவமும்

மனுஷங்ககிட்ட பேசி எடுக்கற எந்த ஆய்வுக்கும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேணும், ஐ.சி.எம்.ஆரோட 2017 வழிகாட்டி நெறிமுறைதான் அடிப்படை. அனுமதி வர்றதுக்கு முன்னாடி ஒரு பேட்டி எடுத்தாலும் அத தூக்கிப் போடணும். நம்ம பார்டர் ஆளுங்களுக்கு இதுல ரெட்டைப் பாடு, கமிட்டி ஒண்ணா இருந்தாலும் ரெண்டு மாநில சுகாதாரத் துறைலயும் தனித்தனியா அனுமதி லெட்டர் வாங்கணும், படிவம் தமிழ்ல ஒண்ணு மலையாளத்துல ஒண்ணு. நான் ஒரு மாநிலத்துல ஒரு ஆபீஸ்ல குடுத்த விண்ணப்பம் பதினொரு வாரம் ஒரு தட்டுல கிடந்துச்சு, போய்ப் போய்க் கேட்டா ஃபைல் மூவ் ஆயிடுச்சும்மாம்பாங்க, கடைசில பாத்தா நான் ஒட்டுன ஸ்டிக்கி நோட்டு கூட அசையல. அதனால டைம்லைன்ல அனுமதிக்கு ரெண்டு மாசம்னு எழுதாதீங்க, நாலுன்னு எழுதுங்க, அந்த நாலு மாசத்துல செய்ய வேற வேலைய, பேப்பர் வாசிக்கறது, டேட்டா பாக்கறது, தனியா எடுத்து வச்சுக்கோங்க.

படிவத்தோட மொழி இன்னொரு கதை. கமிட்டிக்குக் குடுத்தத அப்படியே "தகவலறிந்த ஒப்புதல் படிவம்"னு மொழிபெயர்த்து ஊரம்பு பக்கம் ஒரு வீட்டுக்குக் கொண்டு போனேன். எழுபது வயசு இருக்கும் அந்த அம்மாவுக்கு, திண்ணைல மரச்சீனிக் கிழங்கு தோலுரிச்சுட்டிருந்தாங்க. நான் ஒரு பாரா வாசிச்சு முடிச்சதும் கத்தியக் கீழ வச்சுட்டு, "பிள்ளே, இதுல ஒப்பு போட்டா பென்சன் போவுமா?"ன்னாங்க. இல்ல பாட்டி, இது படிப்புக்குன்னேன். "படிப்புக்கு எனக்க கையெழுத்து எதுக்கு?" நான் மறுபடி "பங்கேற்பாளர் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம்"னு வாசிச்சேன். "எதுலேருந்து விலகணும், நான் எதுலயும் சேரலையே"ன்னாங்க. அவங்க மகன் உள்ள இருந்து வந்து பேப்பர வாங்கி சீல் இருக்கான்னு பாத்துட்டு, கவர்மென்ட் சீல் பாத்ததும் முகம் மாறி, இன்னைக்கு வேண்டாம்னு அனுப்பிட்டாரு. ஆஸ்பத்திரி லோகோ இருந்தா நம்பிக்கை வரும்னு நான்தான் பெருசா போட்டேன், அது இங்க பயத்தக் கொண்டு வந்துச்சு.

அன்னைக்கு ராத்திரியே திருத்துனேன். "நான் மார்த்தாண்டத்துல இன்ன இடம், இன்னாரோட மகள், படிப்புக்காக ஆஸ்பத்திரிக்குப் போறது வர்றது பத்தி கேக்க வந்திருக்கேன். உங்க பேர எங்கயும் எழுத மாட்டேன். பென்சன், ரேஷன், கார்டு எதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நடுவுல பேசப் பிடிக்கலன்னா போன்னு சொல்லலாம், போயிருவேன்." மாத்துன படிவத்த மறுபடி கமிட்டிக்கு அனுப்பி, முதல் இங்கிலீஷ் படிவத்தப் பாக்காத இன்னொருத்தர வச்சு திருப்பி இங்கிலீஷுக்கு மாத்தி, அதுவும் ஒத்துப் போகுதான்னு காட்டி, ஒரு மாசம். முதல்லயே உங்க தெருவுல மூணு பேருக்கு வாசிச்சுக் காட்டிட்டு கமிட்டிக்கு அனுப்புனா இந்த ஒரு மாசம் மிச்சம். மலையாளப் படிவத்துக்கும் இதே, நமக்கு மலையாளம் பேச வரும்னு நாமளே எழுதப்படாது, நம்ம மலையாளத்துல தமிழ் எங்க நிக்குதுன்னு நமக்கே தெரியாது.

வெளிநாடு

சுருக்கமா சொல்றேன், ஏன்னா நான் போகல. அமெரிக்கால ஹெல்த் பாலிசி பி.எச்.டிக்கு நல்ல இடங்கள்ல ஃபீஸும் ஸ்டைபெண்டும் அவங்களே குடுப்பாங்க, ஆனா எக்கனாமிக்ஸ், பொலிட்டிக்கல் சயின்ஸ் மாதிரி ஒரு ட்ராக் எடுத்து கணக்குல வெயிட்டா இருக்கணும். பிரிட்டன்ல ஒரு வருஷ மாஸ்டர்ஸுக்கு காமன்வெல்த், செவனிங் ஸ்காலர்ஷிப் இருக்கு, செவனிங்ல முடிச்சுட்டு ரெண்டு வருஷம் ஊர்ல வந்து இருக்கணும்னு நிபந்தனை. ஃபுல்பிரைட்-நேருலயும் பப்ளிக் ஹெல்த் வரும். எல்லாத்துக்கும் எஸ்.ஓ.பில (ஏன் படிக்கணும்னு நாம எழுதிக் குடுக்கறது) "சின்ன வயசுல இருந்தே சேவை மனப்பான்மை"ன்னு ஆரம்பிக்காதீங்க, அந்த மாத்திரை அட்டைல ஆரம்பிங்க.

வேலை, பைசா

மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, முதல் சில வருஷம் பெரும்பாலும் காண்ட்ராக்ட். தேசிய சுகாதார இயக்கத்துல கன்சல்டன்ட், ஐ.சி.எம்.ஆர் ப்ராஜெக்ட்ல ரிசர்ச் போஸ்ட், கேரளால ஸ்டேட் ஹெல்த் சிஸ்டம்ஸ் ரிசோர்ஸ் சென்டர், டெல்லில அதே மாதிரி தேசிய மையம், பொறவு மருந்து, கருவிக்கு செலவழிக்கறது லாபமான்னு கணக்குப் போடற ஹெல்த் டெக்னாலஜி அசெஸ்மென்ட் அமைப்பு, 2017 வாக்குல மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறைக்குக் கீழ வந்தது. ப்ராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடியும். கல்ஃப் நர்ஸ் சம்பளத்தோட ஒப்பிட்டா வீட்டுல சண்டை வரும், வரட்டும்னு இருக்கத் தெம்பு இருந்தா வாங்க. கடன் வாங்கித்தான் படிக்கணும்னா, வேலைல இருந்துட்டே ரெண்டு வருஷம் ஃபீல்டு அனுபவம் சேத்துட்டுப் போறது எவ்வளவோ மேல், இன்டர்வியூலயும் அந்த அனுபவம்தான் பேசும்.

கடைசியா ஒரு பேப்பர் வேலை, இதுல போன வருஷம் நம்ம பக்கத்துப் பிள்ளைங்க ரெண்டு பேர் கோட்டை விட்டாங்க. ஸ்ரீ சித்ரா மாதிரி மத்திய நிறுவனத்துல ஓ.பி.சி இடத்துக்குக் கேக்கணும்னா நம்ம கையில இருக்கற தமிழ்நாடு பி.சி, எம்.பி.சி சாதிச் சான்றிதழ் செல்லாது, மத்திய அரசு ஃபார்மெட்ல நான்-க்ரீமி லேயர் (வசதி வரம்பத் தாண்டலங்கற) சான்றிதழ் தனியா வாங்கணும். இ-சேவைல அப்ளை பண்ணி, வி.ஏ.ஓ, ஆர்.ஐ, தாலுகா ஆபீஸ்னு அது ஏறி இறங்க நாளாகும், நோட்டிபிகேஷன் வந்த பொறவு ஓடுனா கிட்டாது. அப்ளிகேஷன் திறக்கட்டும்னு உக்காராம இந்த வாரமே போட்டு வைங்க, அப்பா அம்மா வருமான விவரமும் கையோட எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா ரெண்டாவது தடவ வரச் சொல்லுவாங்க.